வெண்கலக் கேடகத்துக்குப் பொன் விலையா?

(தியானத்திற்கு: 1 இராஜாக்கள் 14:25-28; யோசுவா 9; உபாகமம் 22:8)

கர்த்தருக்குள் மிகவும் பிரியமானவர்களே,



இந்த மாதம் கொஞ்சம் வித்தியாசமான ஒரு காரியத்தைக் குறித்து எழுதுகிறேன். தேர்வாய் கண்டிகை சிப்காட்டிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் வேலை செய்கிற பிள்ளைகள் நம் சபையில் அநேகர். வெல்டிங் தெரிந்தவர்கள், ஃபைபர் அச்சு எடுக்கத் தெரிந்தவர்கள், பெயிண்ட் அடித்தால் கண்ணாடி மாதிரி அடிக்கிறவர்கள். இப்படிப்பட்ட வாலிபத் தம்பிமார் மத்தியில் ஒரு கேள்வி உண்டு. "பாஸ்டர், பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியே ஒண்ணு செஞ்சு வித்தா அது பாவமா? ரெப்ளிகான்னு சொன்னா பாதி விலைக்குக் கேக்கிறாங்க. ஒண்ணுமே சொல்லாம நிறுத்தி வச்சா நல்ல விலை வருது. நாம பொய் சொல்லலையே, சும்மாதானே இருக்கோம்?"

"கார் எல்லாம் பணக்காரர் சமாச்சாரம், நமக்கு என்ன" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதிருங்கள். காரைப் பற்றிய இந்தக் கேள்விதான் புடவைக் கடையிலும், நகைக் கடையிலும், ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் நம்மைத் தேடி வருகிறது. ஆகையால் படிப்படியாய்ப் பார்ப்போம்.

1. பிரதி செய்வதே பாவமா?

இல்லை என்று முதலாவது தெளிவாய்ச் சொல்லிவிடுகிறேன். ஆசரிப்புக் கூடாரமே ஒரு மாதிரியைப் பார்த்துச் செய்யப்பட்டதுதான் (யாத்திராகமம் 25:40). மலையின்மேல் கண்ட மாதிரியின்படி மோசே கீழே செய்வித்தார். அதைச் செய்த பெசலெயேலின் கைத்திறமையைக் கர்த்தரே கொடுத்தார் என்று வாசிக்கிறோம்.

ரெகொபெயாமின் காரியத்தையும் கவனியுங்கள். சாலொமோன் பொன்னினால் 200 பெரிய கேடகங்களையும் 300 சிறிய கேடகங்களையும் செய்து வைத்திருந்தார். மகன் காலத்தில் எகிப்தின் ராஜா சீஷாக் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனான். ரெகொபெயாம் அவைகளுக்குப் பதிலாக வெண்கலத்தினால் செய்து வைத்தான். அந்த ராஜாவின் பாவங்கள் பல உண்டு. ஆகிலும் வெண்கலத்தில் கேடகம் செய்ததை வேதம் பாவமாக எழுதவில்லை. ஏனென்றால் வெண்கலத்தை வெண்கலம் என்றே எழுதி வைத்திருக்கிறது. பொன் போனது வருத்தமான காரியம், ஆனால் அங்கே யாரும் ஏமாற்றப்படவில்லை.

கார் உலகத்திலும் இப்படி உண்டு. இங்கிலாந்தில் காலின் சாப்மேன் என்பவர் 1957-ல் லோட்டஸ் செவன் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். கதவு கிடையாது, கூரை கிடையாது, எடை மிகவும் குறைவு. 1973-ல் அந்தக் காரைச் செய்யும் உரிமையை கேட்டர்ஹாம் என்ற கம்பெனி முறைப்படி வாங்கிக்கொண்டது. அதன் சாயலில் உலகமெங்கும் அநேகர் செய்தார்கள். நம் இந்தியாவில் சிங்காரா மோட்டார்ஸ் என்ற கம்பெனி அதே சாயலில் ரோட்ஸ்டர் 1.8எஸ் என்ற காரைச் செய்தது. அம்பாசிடர் காரில் வந்த 1.8 லிட்டர் இசுஸு என்ஜினை அதில் வைத்தார்கள். சாயல் லோட்டஸ், ஆனால் முன்னால் ஒட்டின பெயர் சிங்காரா. சொந்தப் பெயரில் விற்றார்கள்.

நம் பக்கத்திலேயே சோழவரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் கார் பந்தயம் நடந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். அசல் பந்தயக் காருக்கு வசதியில்லாத காலத்தில், கிடைத்த என்ஜினை வைத்துக் கையாலேயே வண்டி கட்டி ஓட்டினவர்கள் உண்டு. கோயம்புத்தூர் கரிவரதன் அவர்கள் மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரையே உருவாக்கினார். வெளிநாட்டுப் பெயரை அதன்மேல் ஒட்டவில்லை. மாருதி என்ஜின் என்பது அதன் பெயரிலேயே இருந்தது. அதனால் அதற்கு மதிப்புக் குறையவில்லை. 1995-ல் அவர் மரித்தார். இன்றைக்கும் கோவையில் ஒரு பந்தயத் தளம் அவர் பெயரைச் சுமக்கிறது.

ஆகவே தம்பி, உன் கைவேலையைக் குறித்து நீ வெட்கப்பட வேண்டியதில்லை. தகடு தட்டி, ஃபைபர் இழைத்து, மாதக்கணக்கில் உழைத்துச் செய்த வண்டிக்குக் கூலி கேட்பது நியாயம்.

2. பொய் எந்த இடத்தில் நுழைகிறது?

இதற்கு உலகமே அறிந்த ஒரு சம்பவம் உண்டு. அமெரிக்காவில் கரோல் ஷெல்பி என்று ஒரு பந்தய வீரர். 1959-ல் பிரான்சின் லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்தவர். 1962-ல் இங்கிலாந்தின் ஏசி கம்பெனியுடைய லேசான காரில் ஃபோர்டு கம்பெனியின் பெரிய வி8 என்ஜினை வைத்து கோப்ரா என்ற காரை உண்டாக்கினார். மொத்தம் சுமார் ஆயிரம் வண்டிகள்தான். பின்னாட்களில் அதன் விலை வானத்தைத் தொட்டது. அதைப் பார்த்துச் செய்த பிரதிகள் இன்று அசலைவிடப் பல மடங்கு அதிகம்.

1990களின் ஆரம்பத்தில் ஷெல்பியே சில கோப்ராக்களை வெளியே கொண்டுவந்தார். 1965-ல் செய்த சேஸிஸ்கள் முடிக்கப்படாமல் மிச்சம் இருந்தன, அவைகளைத்தான் இப்போது முடிக்கிறேன் என்பது அவர் சொன்ன கணக்கு. 1993-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகை விசாரித்து, அவைகளில் பெரும்பாலானவை அண்மையில் புதிதாய்ச் செய்யப்பட்ட சேஸிஸ்கள் என்று வெளிப்படுத்தியது. பின்பு அவரும் அதை ஒத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். அதே ஷெல்பியின் கம்பெனி, அதே வடிவத்தில், புதிய நம்பர் வரிசை கொடுத்து, "இது தொடர்ச்சி வண்டி, இப்போது செய்தது" என்று வெளிப்படையாய் விற்க ஆரம்பித்தது. வாங்க ஆள் இருந்தார்கள். செய்தவர் ஒருவரே, வடிவமும் ஒன்றே. முன்னது பொய்ச் சரக்கு, பின்னது நேர்மையான சரக்கு. மாறினது இரும்பு அல்ல, இரும்பைப் பற்றிச் சொன்ன வார்த்தை மாத்திரமே!

அனனியா சப்பீராள் காரியத்தில் பேதுரு காட்டினதும் இதுதான் (அப்போஸ்தலர் 5:4). நிலம் அவனுடையது. விற்ற பணமும் அவனுடையதாகவே இருந்தது. பாதியைக் கொண்டுவந்து "பாதி" என்று சொல்லியிருந்தால் அவனைத் தடுக்க ஒருவரும் இல்லை. பாதிக்கு "முழுசு" என்று பெயர் வைத்தான். அங்கேதான் விழுந்தான். பிரதிக்குப் "பிரதி" என்று பெயர் வைக்கிறவன் வியாபாரி. அதே பிரதிக்கு "அசல்" என்று பெயர் வைக்கிறவன் அனனியாவின் வழியில் நடக்கிறான்.

பெயருக்கு எவ்வளவு விலை தெரியுமா? 1960களில் 36 மாத்திரமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜிடிஓ கார்களில் ஒன்று 2018-ல் அமெரிக்காவில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த இரும்புக்கும் ரப்பருக்கும் அவ்வளவு விலை கிடையாது. "இது உண்மையாகவே அதுதான்" என்ற சாட்சிக்குத்தான் அந்த விலை. அப்படியானால் அசல் என்று பொய் சொல்லி விற்கிறவன் கூடுதலாய் விற்பது என்ன? சாட்சியை விற்கிறான், அதுவும் பொய்ச் சாட்சியை! பத்துக் கற்பனைகளில் அதற்கென்றே ஒரு கற்பனை இருக்கிறதை நாம் அறிவோம்.

3. பூசணம் பிடித்த அப்பம்

"நான் வாயால பொய் சொல்லவே இல்லியே" என்பார்கள். வாயால் மாத்திரமா பொய் சொல்லுகிறோம்? கிபியோனியரைப் பாருங்கள். பக்கத்து ஊர்க்காரர்கள்தான். ஆனால் தூரதேசத்திலிருந்து வந்தவர்கள் மாதிரி பழைய சாக்கு, கிழிந்து தைத்த தோல் துருத்தி, தேய்ந்த செருப்பு, காய்ந்து பூசணம் பிடித்த அப்பம் எல்லாம் தேடி எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் வாய் பேசுவதற்கு முன்பே செருப்பு பொய் பேசிவிட்டது.

இன்றைக்கும் அதே வேலை நடக்கிறது. போன வருஷம் செய்த வண்டிக்கு ஐம்பது வருஷத்து அழுக்கு பூசுகிறார்கள். புதுத் தோல் சீட்டைத் தேய்த்து வெடிக்க வைக்கிறார்கள். மீட்டர் கண்ணாடியை மங்க வைக்கிறார்கள். பழைய கம்பெனியின் சின்னத்தை முன்னால் பொருத்துகிறார்கள். ஆனால் பொய் எங்கேயாவது ஒரு மூலையில் மாட்டிக்கொள்ளும். தேர்வாய் கண்டிகை மிஷலின் தொழிற்சாலையில் வேலை பார்க்கிற நம் சகோதரர்களுக்கு இது நன்றாய்த் தெரியும். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் நான்கு இலக்கம் பதித்திருக்கும். 2419 என்றால் 2019-ம் வருஷத்தின் 24-வது வாரத்தில் செய்தது. அதை அழுக்கு மறைக்கலாம், மாற்றாது.

சின்னத்தைக் குறித்து இன்னொரு சம்பவம். 1984-ல் அமெரிக்காவில் தொடங்கின ஒரு டிவி சீரியலில் கதாநாயகனுக்கு ஃபெராரி கார் என்று காட்டினார்கள். உள்ளே இருந்ததோ செவர்லே கம்பெனியின் கார்வெட். மேலே ஃபைபர் உடல். ஃபெராரி கம்பெனி சும்மா விடவில்லை. அந்த உடலைச் செய்தவர்கள்மேல் வழக்குப் போட்டது. கடைசியில் சீரியலில் அந்தப் பொய்க் காரை வெடிக்க வைத்துவிட்டு, கம்பெனி கொடுத்த அசல் காரை ஓட்டினார்கள். சீரியல் நமக்குப் பிரயோஜனமில்லை, ஆனால் பாடம் உண்டு. ஒருவன் பாடுபட்டுச் சம்பாதித்த பெயரை அவனைக் கேட்காமல் எடுத்து ஒட்டுவது களவு. நம் தேசத்தில் 1999-ம் வருஷத்து வணிகச் சின்னங்கள் சட்டமும் அதைக் குற்றம் என்கிறது. சாயலில் செய்கிறது ஒன்று. மற்றவன் முத்திரையைக் குத்துகிறது வேறொன்று.

4. "நான் சும்மாதானே இருந்தேன்?"

பிரியமானவர்களே, இந்தக் கேள்வியின் முள் இங்கேதான் இருக்கிறது. அழுக்குப் பூசவில்லை, சின்னம் ஒட்டவில்லை, பொய்யும் சொல்லவில்லை. வாங்க வந்தவர் தானாகவே அசல் என்று நினைத்துக்கொண்டார். விற்கிறவன் பேசாமல் நின்றான். இது பாவமா?

நம் தேசத்துச் சட்டத்தை முதலில் கேட்போம். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவு. பேசாமல் இருந்தது மாத்திரமே மோசடி ஆகாது. ஆனால் பேச வேண்டிய கடமை இருந்தால், அல்லது அந்த மவுனமே பேச்சுக்குச் சமமாய் இருந்தால், அது மோசடிதான் என்கிறது. அதற்கு உதாரணமாக ஒரு குதிரையை வைத்திருக்கிறார்கள். நோயுள்ள குதிரையை ஒருவன் ஏலத்தில் விற்கிறான், நோயைச் சொல்லவில்லை. அது மோசடி அல்ல என்கிறது சட்டம். அதே குதிரையை இப்போதுதான் வயதுக்கு வந்த தன் சொந்த மகளுக்கு விற்றால்? அப்போது சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. வாங்குகிறவன், "நீ மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக்கொள்வேன்" என்று சொன்னபிறகும் பேசாமல் இருந்தால், அந்த மவுனம் பேச்சுக்குச் சமம்.

கவனித்தீர்களா? ஊரானுக்கு ஒரு அளவு, சொந்த மகளுக்கு வேறொரு அளவு. சட்டம் அந்த மட்டும் வந்து நின்றுவிட்டது. நாம் அங்கே நிற்க முடியுமா? பிறன் யார் என்று கேட்டவனுக்கு ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியன் உவமையை அறிந்த நாம் (லூக்கா 10), ஏலத்துக்கு வந்தவனை அந்நியன் என்று தள்ள முடியாது. உன் மகளுக்கு விற்றால் எதைச் சொல்லுவாயோ அதை உன் கடைக்கு வந்தவனுக்கும் சொல்லு. மத்தேயு 7:12-ஐ கார் ஷெட்டுக்குள் கொண்டுபோனால் இதுதான் வரும்.

குருடனுக்கு முன்னே தடுக்கலை வைக்கிறதைக் குறித்து லேவியராகமம் 19:14 எச்சரிக்கிறது. வண்டியைச் செய்தவன் பார்வையுள்ளவன். பளபளப்பைப் பார்த்து மயங்கி நிற்கிறவன் அந்தக் காரியத்தில் குருடன். அவன் தடுக்கி விழுவது தெரிந்தும் பேசாமல் நிற்பது நடுநிலை அல்ல.

விழுந்தால் அடி பலமாய் இருக்கும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவைச் சுட்டிக்காட்டி, கம்பெனி செய்து கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு சாதாரணக் காரின் ஆர்.சி. புத்தகத்தை வைத்துக்கொண்டு மேலே ஸ்போர்ட்ஸ் கார் உடலை மாட்டி விற்றால், வாங்கினவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாட்டிக்கொள்வார். விபத்து என்று வந்தால், ஆர்.சி.யில் ஒன்று, ரோட்டில் ஒன்று என்று சொல்லி இன்சூரன்ஸ் பணம் மறுக்கப்படலாம். 50 வருஷத்துக்கு மேற்பட்ட பழமையான வாகனங்களுக்கு 2021-ல் மத்திய அரசு தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. நம்பரில் 'விஏ' என்ற எழுத்து வரும். ஆனால் பெரிய மாற்றம் செய்யாத அசல் வண்டிக்குத்தான் அது. நேற்றுச் செய்த பிரதிக்கு அந்த வாசல் திறக்காது. இவ்வளவும் தெரிந்தவன் வாய் திறக்காமல் பணத்தை எண்ணினால், அந்த மவுனத்துக்கு என்ன பெயர் வைப்போம்?

5. மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர்

சில சகோதரர்கள் இன்னும் ஒரு படி மேலே வருவார்கள். "பாஸ்டர், நான் வாங்கினவர்கிட்ட ரெப்ளிகான்னு சொல்லிட்டேன். அவர் அதை வேற ஒருத்தருக்கு அசல்னு வித்தா அது அவர் பாடு."

உபாகமம் 22:8-ஐ எடுத்து வாசியுங்கள். புதிதாய் வீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும். யாருக்காக? வீட்டுக்காரனுக்கு விளிம்பு எங்கே என்று தெரியும். பிறகு ஏறி வருகிற, அவன் அறியாத ஒருவனுக்காக. விழுந்தவன் தானே போய் விழுந்தாலும், சுவர் கட்டாத வீட்டின்மேல் இரத்தப்பழி வரும் என்கிறது வேதம்.

கார் நம்மைவிட அதிக நாள் வாழும். இரண்டாவது கை, மூன்றாவது கை என்று போகும். நீ வாயால் சொன்ன உண்மை முதல் ஆளோடு நின்றுவிடும். ஆகையால் உண்மையை இரும்பிலேயே பதித்துவிடு. யார் செய்தது, எந்த வருஷம், என்ன என்ஜின், இது பிரதி என்பதை ஒரு தகட்டில் எழுதி, எளிதில் கழற்ற முடியாத இடத்தில் சேஸிஸோடு ரிவெட் அடித்து வை. பில்லிலும் அப்படியே எழுது. அதுதான் உன் வண்டியின் கைப்பிடிச் சுவர். வாங்க வந்தவர், "அந்தத் தகடு மட்டும் வேண்டாமே, எடுத்துடுங்க" என்று கேட்டால், அவர் மனதில் இருப்பது உனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. அதற்குமேல் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல உனக்கு இடமில்லை.

கிபியோனியரின் பொய் மூன்று நாளில் வெளியே வந்தது. ஆனால் அந்தப் பொய்யினால் பிறந்த உடன்படிக்கை தலைமுறை தலைமுறையாய் நின்றது. சவுல் அதை மீறினதின் நிமித்தம் தாவீதின் காலத்தில் தேசம் மூன்று வருஷம் பஞ்சத்தைக் கண்டது (2 சாமுவேல் 21). ஒரு பொய்யினால் உண்டான பத்திரம் எத்தனை பேர் கைமாறி, எந்தப் பிள்ளையின் தலையில் போய் விடியும் என்று யாருக்குத் தெரியும்?

6. வாங்குகிறவருக்கும் ஒரு வார்த்தை

யோசுவாவும் பிரபுக்களும் அப்பத்தைப் பார்த்தார்கள், கர்த்தரிடத்தில் கேட்கவில்லை. அவசரம் அவர்களுடைய குற்றம். வாங்குகிறவர்களே, கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். நீதிமொழிகள் 20:14-ல் ஞானி காட்டுகிற ஆளாகவும் இருக்காதேயுங்கள். விலை பேசும்போது "இதுல ஒண்ணுமே இல்ல" என்று மட்டந்தட்டிவிட்டு, வாங்கின பிறகு ஊரெல்லாம் பெருமை பேசுகிறவனும் பொய்யன்தான். பிரதி என்று தெரிந்தே வாங்கி, கல்யாண வீட்டு வாசலில் அசல் என்று சொல்லி நிறுத்துகிறவர், விற்றவன் சொல்லாத பொய்யைத் தன் வாயால் முடித்து வைக்கிறார்.

7. பாதி விலை

கடைசியாக, அந்தத் தம்பியின் கஷ்டத்தைத் தட்டிக்கழிக்க எனக்கு மனதில்லை. உண்மையைச் சொன்னால் விலை குறையும். மெய்தான். வட்டிக்கு வாங்கின பணம், வீட்டு வாடகை, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் முன்னால் நிற்கும். "உண்மை சொல்லு, கர்த்தர் இரட்டிப்பாய்த் தருவார்" என்று கைதட்ட வைத்து அனுப்பிவிட்டால் அதுவும் ஒரு டூப்ளிகேட் வாக்குத்தத்தம்தான். சங்கீதம் 15-ஐ எழுதினவர் நீதிமானை வர்ணிக்கும்போது, நஷ்டம் வந்தாலும் சொன்ன சொல் மாறாதவன் என்கிற கருத்தைச் சொல்லுகிறார். நஷ்டம் வராது என்று அங்கே எழுதவில்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். அந்த மற்றப் பாதி விலை எப்போது உன்னுடையதாய் இருந்தது? உன் உழைப்புக்குரியது பிரதியின் விலை. அதற்குமேல் வருவது, வேறொருவன் பெயருக்கும் வேறொரு காலத்துக்கும் உரியது. உன்னுடையதல்லாததை நீ எப்படி இழக்க முடியும்? நீ இழந்தேன் என்று அழுகிற பணம், வாங்குகிறவனின் பையில் நியாயமாய்த் தங்கின பணம்.

இதே அளவுகோலை வீட்டுக்குள்ளும் கொண்டுபோங்கள். விசைத்தறிப் புடவையை கைத்தறி என்று விற்கிற சகோதரி, டூப்ளிகேட் பிரேக் ஷூவை கம்பெனி அட்டைப்பெட்டியில் போட்டுக் கொடுக்கிற சகோதரன், சர்க்கரைப்பாகு கலந்த தேனை மலைத்தேன் என்கிற கடைக்காரர், எல்லாருக்கும் கேள்வி ஒன்றே: உன் கையில் இருப்பது வெண்கலமா, பொன்னா? வெண்கலமானால் துடைத்துப் பளபளப்பாக்கு. தலை நிமிர்ந்து விற்று விடு. வெண்கலம் என்று சொல்லி விற்று விடு.

அநீதியான தராசைக் கர்த்தர் எவ்வளவு வெறுக்கிறார் என்பதை நீதிமொழிகள் 11:1-ல் வாசித்து, இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் இதைக் குறித்துப் பேசுங்கள். வாலிபப் பிள்ளைகளைப் பேச விடுங்கள்; அவர்கள் கேட்கிற கேள்விக்குக் கோபப்படாதேயுங்கள்.

நம் கைகளின் கிரியையைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. நம் வாயையும், நம் மவுனத்தையும் அவர் காத்துக்கொள்வாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்